சப்ரினாவின் ஜன்னலில் தொங்கியது

காலையில் கண் விழித்ததும் தனுஷிகா முதலில் செய்வது, சப்ரினாவின் முகநூல் பக்கத்தைத் திறந்து புதிதாகப் போட்ட நகைப் படத்துக்கு ஒரு லைக் போடுவது. சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்துவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அன்பில் போடுகிற லைக் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். வயிறு எரிவது வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று போடுகிற லைக் அது. முதல் ஆளாகப் போட்டுவிட்டால் சப்ரினாவுக்குச் சந்தேகம் வராது என்பது அவள் நினைப்பு. ஆறு வருடமாக இப்படித்தான் விடிகிறது.

இரண்டு பேரும் ஒரு காலத்தில் திருகோணமலை மத்திய வீதியில் ஒரு நகைக்கடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். தனுஷிகா உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் பிறந்து வளர்ந்தவள். சப்ரினா கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்துபோனவள். மத்தியானத்தில் ஒரு சோற்றுப் பார்சலை இரண்டாகப் பிரித்துச் சாப்பிட்ட சிநேகிதம். பவுண் விலை ஏறி, கடைக்கு ஆள் வருவது குறைந்து, முதலாளி இருவரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார். கம்பி, மணி, சிப்பி வைத்து நாமே நகை செய்து விற்றால் என்ன என்று முதலில் யோசித்தவள் தனுஷிகா. கொழும்பு புறக்கோட்டையில் மணி மொத்தமாக வாங்குகிற கடையைத் தேடிக் கண்டுபிடித்தவளும் அவள்தான். பாவம், அவளும் பிழைக்கட்டும் என்று அந்தக் கடை இருக்கிற இடத்தைச் சப்ரினாவுக்குச் சொன்னவளும் அவளேதான். அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறாள்.

பொறாமை சும்மா வந்துவிடவில்லை. மான் விஷயத்தைச் சொன்னால் விளங்கும். திருகோணமலை நகரத்தில் மான்கள் ரோட்டில் திரிவது எல்லோருக்கும் தெரியும். பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோல் தின்னும், மதிலோரம் படுத்துக் கிடக்கும், கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களிடம் கை நீட்டாத குறையாகப் பிச்சை கேட்கும். அந்த மானை வெள்ளிக் கம்பியில் வளைத்துப் பதக்கமாகச் செய்யலாம் என்று தனுஷிகாவுக்குத் தோன்றியது. இரண்டு கிழமை மினக்கெட்டு, கண் வைத்து, வால் வைத்து, நான்கு குளம்பும் வைத்தாள். முதலில் வாங்க வந்த பெண் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆடு வடிவா இருக்கு அக்கா" என்றாள். அவள் போனபிறகு தனுஷிகா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆடுதான்.

அடுத்த மாதம் சப்ரினாவும் மான் செய்தாள். கண் இல்லை, வால் இல்லை, உடம்பே இல்லை. கொம்பு மட்டும். ஒரே கம்பியில் இரண்டு வளைவு. காதில் போட்டால் மான் அந்தப் பெண்ணின் தலைமுடிக்குள் மறைந்து நிற்பதுபோல இருந்தது. ஒரு கிழமையில் விற்றுத் தீர்ந்தது. அதற்கும் தனுஷிகா முதல் ஆளாக லைக் போட்டாள். போட்டுவிட்டுக் குசினிக்குள் போய், அரைக்க வைத்திருந்த தேங்காய்ப்பூவில் தண்ணீரை ஊற்றிக் கெடுத்தாள்.

"கொம்பை மட்டும் செய்யலாமெண்டு எனக்கேன் தோன்றேல்ல?" என்று புருஷனிடம் கேட்டாள். லதீசன் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன்.

"நீ முழு மானையும் யோசிச்சனீ. அவள் அரைவாசியில நிப்பாட்டிப்போட்டாள். அவளுக்கு வேலை மிச்சம்," என்றான் அவன்.

பகிடிக்குச் சொன்னான். அவளுக்கு அது நெஞ்சில் குத்தியது. ஏனென்றால் அது உண்மை. தனுஷிகாவின் கை சுத்தமான கை. இடப்பக்கம் ஏழு மணி என்றால் வலப்பக்கமும் ஏழு. நடுவில் ஒரு பதக்கம், தொங்கலில் மூன்று முத்து. கொழுக்கி ஒருநாளும் கழலாது. ஐந்து வருடம் போட்டாலும் கம்பி கறுக்காது. வாங்கினவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசினதும் இல்லை. குறை சொல்ல முடியாத நகையைச் செய்துவிட்டு, குறைகள் மலிந்த சப்ரினாவின் நகையைச் சனம் ஏன் தேடிப் போகிறது என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். சப்ரினாவிடம் ஏதோ இருக்கிறது. எங்கேயோ பார்த்துத்தான் செய்கிறாள். அந்த இடத்தைத் தனக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறாள். மணிக்கடையை நான் காட்டினேனே, கள்ளி, நீ எதைக் காட்டினாய்?

இப்படி எரிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் உப்புவெளிக் கடற்கரையில் புதிதாகத் திறந்த ஹோட்டலிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே மேனேஜராக இருந்தவள் சோபனா என்ற கொழும்புப் பெண். வாசல் மண்டபத்தில் பெரிய கண்ணாடி அலுமாரி ஒன்று வைத்திருக்கிறோம், அதை இந்த ஊர் நகைக்காரர் ஒருவருக்கே கொடுக்கப் போகிறோம் என்றாள். ஒரு புது நகை செய்துகொண்டு வர வேண்டும். பார்த்தவுடன் இந்த ஊர் என்று படவும் வேண்டும்.

"ஆனா மான் வேண்டாம், நங்கூரம் வேண்டாம், திமிங்கிலமும் வேண்டாம். அதெல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு," என்றாள் சோபனா. "உங்களையும் கிண்ணியா சப்ரினாவையும்தான் கேட்டிருக்கிறோம். மூன்று கிழமை இருக்கு."

தனுஷிகாவுக்கு அந்த அலுமாரி வேண்டும். கடந்த வருடம் அவள் முன் அறையில் விற்ற நகையைவிட, பெட்டியில் போட்டு மூடி வைத்த நகைதான் அதிகம். இந்த முறையும் சரிவராவிட்டால் தொழிலை விட்டுவிட்டு மறுபடி யாரோ ஒருவரின் கடையில் சம்பளத்துக்கு நிற்கப் போவதாக லதீசனிடம் சொல்லியிருந்தாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். அந்த அலுமாரிக்குள் சப்ரினாவின் நகை தொங்குவதைத்தான் தாங்க மாட்டாள்.

முதல் கிழமை முழுவதும் கொப்பியில் கீறினாள். கோணேசர் மலையைக் கீறினாள். முக்கோணமாக வந்தது. கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகளைக் கீறினாள். ஏழு வட்டம் வந்தது. புல்மோட்டைக் கறுப்பு மணலை ஒரு போத்தலில் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் அதையே பார்த்தாள். மணல் மணலாகவே இருந்தது. எதைக் கீறினாலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக வந்து நின்றது. அப்போதெல்லாம் கிண்ணியாவில் சப்ரினா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்து கையைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தக் கிழமைக் கடைசியில் சப்ரினாவின் மாமனார் அபூதாஹிர் காலமானார், அவர்கள் பேச்சில் மௌத்தானார். கிண்ணியாவில் வலை விற்கிற கடை வைத்திருந்த மனுஷன். நகைக்கடையில் வேலை பார்த்த காலத்தில் பெருநாளுக்குத் தனுஷிகாவுக்கும் சேர்த்து வட்டிலப்பம் கொடுத்தனுப்பியவர். மூன்றாம் நாள் தனுஷிகா கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினாள். மனம் கனத்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பாலத்தைக் கடக்கும்போது அந்தக் கனத்துக்குள்ளே இன்னொரு நினைப்பும் ஏறி உட்கார்ந்திருந்தது. சப்ரினாவின் அறையை இன்றைக்குப் பார்க்கலாம். மையத்து வீட்டுக்குப் போகிறவள் நினைக்கிற நினைப்பா இது என்று தன்னைத்தானே ஏசினாள். ஏசினாலும் நினைப்பு இறங்கவில்லை.

வீடு நிறையச் சனம். நடு அறையில் பெண்கள் பாயில் இருந்து வாய்க்குள் ஓதிக்கொண்டு, புளியங்கொட்டைகளை ஒரு குவியலிலிருந்து மற்றக் குவியலுக்கு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாமியார் நபீஸா உள் அறையில் இத்தா இருந்தார், புருஷனை இழந்தவர் வெளியே வராமல் இருக்கிற காலம் அது, நகை எதுவும் இல்லாமல் வெள்ளை உடுப்பில். தனுஷிகா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். வெளியே வந்ததும் சப்ரினா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். தனுஷிகாவும் அழுதாள். அதுவும் நிஜம்தான்.

"முகத்தைக் கழுவிற்று என்ர அறைக்குள்ள போய் இரி புள்ள," என்றாள் சப்ரினா. "இஞ்ச இருக்க இடமில்ல. பிளேன்ரீ கொண்டு வாறன்."

கேளாமலே கதவு திறந்தது. உள்ளே போனாள். வேலை மேசையின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. குறடுகள் ஒரு டின்னுக்குள் கிடந்தன. கள்ளத்தனமாகத் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. அப்போதுதான் ஜன்னல் கம்பியில் தொங்கியதைக் கண்டாள்.

கறுப்பு நூலில் கோத்த மாலை. ஒரு பக்கம் கறுப்பு மணி, நெருக்கமாகப் பதினேழு. பிறகு ஒரு முடிச்சு. முடிச்சுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஒரு விரல் நீளத்துக்கு வெறும் நூல். மறுபடி ஒரு முடிச்சு. அதற்கப்பால் நீல மணி ஒன்பது, சிப்பி மூன்று, பச்சை ஐந்து, ஒரே ஒரு சிவப்பு. ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் ஒரு பொருத்தமும் கிடையாது. ஆனால் ஒரு மணியைக்கூட இடம் மாற்ற முடியாது என்று பார்த்தவுடன் தெரிந்தது. மணிகள் அந்தந்த இடத்தில் இருப்பதற்கு ஏதோ காரணம் இருப்பதைப்போல இருந்தன. அந்த வெறும் இடம்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது. அதைப் பார்க்கப் பார்க்க என்னவோ செய்தது.

இதுதான். ஹோட்டலுக்குச் செய்தது இதுதான். தனுஷிகாவின் காதெல்லாம் சூடேறியது. எனக்கு ஏன் இப்படித் தோன்றவில்லை, எனக்கு ஏன் இந்தக் கை இல்லை என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்து இரண்டு படம் பிடித்தாள். மையத்து வீட்டில், சிநேகிதியின் அறையில், நடு அறையில் ஓதுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிடித்தாள்.

சப்ரினா தேத்தண்ணியோடு வந்தாள்.

"ஹோட்டலுக்கு ஏதாவது செய்தனியா?" என்று தனுஷிகா தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க புள்ள? மாமா படுக்கையில விழுந்த நாளையிலயிருந்து குறட்டைத் தொடேல்ல. அந்த மேனேஜருக்கு என்னால ஏலாதெண்டு சொல்லப் போறன்."

பொய்க்காரி என்று தனுஷிகா மனதுக்குள் சொன்னாள். ஜன்னலில் தொங்கவிட்டுக்கொண்டு இல்லை என்கிறாள், பார். எதிரில் இருந்தவள் சொன்னது அப்படியே முழு உண்மை. பொறாமை பிடித்தவருக்கு உண்மையைச் சொன்னால்தான் சந்தேகம் கூடும்.

எட்டு நாளில் செய்து முடித்தாள். கறுப்பு மணிக்குக் கறுக்க வைத்த வெள்ளிக் குண்டு, நீலத்துக்குக் கண்ணாடி, சிப்பிக்குச் சங்குத் துண்டு. கை பழக்கத்தில் அடிக்கடி சமப்படுத்தப் பார்த்தது. ஒன்பது நீலத்தைப் பத்தாக்கவும், ஒற்றைச் சிவப்புக்கு ஒரு சோடி வைக்கவும் துடித்தது. கையில் அடித்து அடக்காத குறை. வெறும் இடத்துக்கு நூலுக்குப் பதிலாக மெல்லிய வெள்ளிக் கம்பியை விட்டாள். செய்து முடித்துக் கழுத்தில் வைத்துப் பார்த்தபோது அந்த வெறும் கம்பி சரியாகத் தொண்டைக் குழிக்கு நேரே வந்து நின்றது. லதீசன் எஞ்சின் எண்ணெய்க் கையோடு வாசலில் நின்று பார்த்தான். பகிடி ஒன்றும் விடவில்லை.

"உது நீ செய்ததோ?" என்று மட்டும் கேட்டான்.

"பின்னே வேற ஆர்?" என்று சீறினாள்.

ஹோட்டலில் சோபனா அதைக் கையில் எடுத்ததும் கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள், கண்ணாடி முன்னால் நின்று தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இந்த வெறுமையான இடம் இருக்கே, இதுதான் இதுக்கு உயிர். இதை எப்படி யோசிச்சீங்கள்?"

"அப்படியே தோன்றினது," என்றாள் தனுஷிகா. நாக்கு கூசவில்லை.

அலுமாரி அவளுக்கு. இதே மாதிரியில் நாற்பது மாலை வேண்டும். அன்றைக்குப் பின்னேரமே ஹோட்டல் தன் பக்கத்தில் படத்தைப் போட்டது. கடலைப் பின்னால் வைத்து, மெலிந்த கழுத்தொன்றில் அந்த மாலை. தனுஷிகா போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நூற்றுக்கணக்கில் லைக் விழுந்தது. தெரியாத ஆட்களெல்லாம் பாராட்டினார்கள். அவள் ஒரே ஒரு பெயரைத்தான் தேடினாள். அந்த ஒரு லைக் வந்தால் போதும், ஆறு வருடமும் கழுவுப்பட்டுப் போகும். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. இப்ப எரியட்டும், எரிஞ்சு பார்க்கட்டும் என்று ஒரு சந்தோஷம் முதலில் இருந்தது. பிறகு அது மெல்ல மெல்லப் பயமாக மாறியது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிபோலச் சப்ரினா வந்தாள். முன் அறையில் நின்றாள். சத்தம் போடவில்லை.

"அந்த மாலையை ஒருக்காத் தா."

தனுஷிகா இரண்டாவதாகச் செய்துகொண்டிருந்ததை எடுத்துக் கொடுத்தாள். சப்ரினா கதிரையில் இருந்து அதை மடியில் விரித்தாள். கறுப்பு மணியில் விரல் வைத்தாள்.

"இது எங்கட மாமி. பதினேழாயிரம். நீ வந்த அண்டைக்கு அவ்வளவும் முடிச்சிருந்தா." விரல் நீலத்துக்குப் போனது. "இது ஸாலிஹா சாச்சி. இந்தச் சிப்பி மூண்டும் கத்தாரில இருக்கிற அர்ஷாக், எங்கட அவர்ர தம்பி. வேலை முடிஞ்சு வந்து ஓதிப்போட்டுப் போனில சொல்லுவான். பச்சை மச்சாள் இன்ஷிரா. இந்தச் சிவப்பு அடுத்த வீட்டுக் கிழவி. ஏலாத மனிசி, ஆயிரம் ஓத மூண்டு நாள் எடுத்தா."

தனுஷிகாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"மௌத்தானவருக்கு எழுபதாயிரம் கலிமா ஓதுறது புள்ள. எல்லாரும் பங்குபோட்டு ஓதுற. ஆர் எவ்வளவு முடிச்சதெண்டு பிழைச்சுப் போகாம, கையில கிடந்த மணியில ஆயிரத்துக்கு ஒண்டெண்டு கோத்து வைச்சனான். அதைத்தான் நீ ஜன்னல்ல கண்டனீ." சப்ரினா நிமிர்ந்து பார்த்தாள். "என்ர டிசைனெண்டு நினைச்சுத்தானே எடுத்தனீ?"

புளியங்கொட்டையை மாற்றிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் இப்போதுதான் தனுஷிகாவின் கண்ணில் பட்டன. கண்ணெதிரே எண்ணிக்கொண்டிருந்தார்கள். தன் எரிச்சலைத் தவிர வேறொன்றும் அன்றைக்கு அவள் கண்ணில் படவில்லை.

"ஓம்," என்றாள்.

சப்ரினாவின் விரல் வெறும் கம்பிக்கு வந்து நின்றது. அதில் அவள் விரல் படவில்லை, மேலேயே நின்றது.

"இது எங்கட அவர். நௌபர். மூத்த மகனெண்டு மாமிக்குப் பக்கத்தில இடம் விட்டனான். பத்தாயிரம் அவருக்கு. தங்கச்சிக்கு வீடு எழுதினதில இருந்து வாப்பாவோட நாலு வருஷம் கதையில்லை. மௌத்துக்குப் பிறகும் வாய் திறக்கேல்ல, ஒரு மணிகூட ஓதேல்ல. அந்த நூல் வெறுமையாத் தொங்கினது எங்கட வீட்டாக்கள் மட்டும் கண்ட வெட்கம். இப்ப ஹோட்டல்காரி அதுதான் வடிவெண்டு ஊர் முழுக்கக் காட்டுறாள். அவரும் போனில பார்த்தவர். நான் கோத்து வைச்ச ஒழுங்கு அவருக்குத் தெரியும்தானே. போனைக் கீழ வைச்சிட்டு எழும்பிப் போனவர்தான், அண்டு முழுக்க ஒருத்தரோடயும் கதைக்கேல்ல."

தனுஷிகா ஏச்சுக்குத் தயாராக இருந்தாள். முடியைப் பிடித்து இழுத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். வெட்கத்தில் அவளுக்குத் தலை நிமிரவில்லை. சப்ரினா மாலையை மேசையில் வைத்தாள்.

"மணியெல்லாம் இருக்கட்டும். நீ செய்து வித்துக்கொள். அந்த இடத்தை மட்டும் மூடிப்போடு தனு."

அவ்வளவுதான் கேட்டாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டாள்.

அன்றைக்கே தனுஷிகா வெறும் கம்பியில் பத்து மணி கோத்தாள். என்ன நிறத்தில் கோத்தாலும் அது மற்ற மாலைகளைப்போல ஆகிவிட்டது. கடையில் கொக்கியில் நூறு தொங்கும், அதில் ஒன்று. அடுத்த நாள் அதைக் கொண்டுபோய்ச் சோபனாவிடம் காட்டினாள். சோபனா நெற்றியைச் சுருக்கினாள்.

"உயிரையே எடுத்துப்போட்டீங்களே. எங்களுக்கு முதல் செய்ததுதான் வேண்டும். அப்படித் தர ஏலாதெண்டால்..."

"ஏலாது," என்றாள் தனுஷிகா. "போட்ட படத்தையும் எடுத்துவிடுங்கோ. அது நான் யோசிச்சதில்லை. இன்னொருத்தர்ர வீட்டுச் சாமான்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தபோது, நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற பெருமை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அலுமாரியைத் தாண்டி வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. அதன் கண்ணாடி துடைத்துப் பளபளவென்று, உள்ளே ஒன்றும் இல்லாமல் நின்றது. அவளுக்கு அழுகை வந்தது.

இரண்டு கிழமை கழித்துக் காலையில் வழக்கம்போலச் சப்ரினாவின் பக்கத்தைத் திறந்தாள். அந்த அலுமாரி அங்கே இருந்தது, நிறையச் சப்ரினாவின் நகைகளோடு. ஹோட்டல்காரி சப்ரினாவைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறாள், அவளும் ஓம் என்றிருக்கிறாள். மான் கொம்புகூட ஒரு மூலையில் தொங்கியது. தனுஷிகா ஆறு வருடத்தில் முதல் தடவையாக லைக் போடவில்லை. போனைக் கட்டிலில் எறிந்தாள்.

"நான் விட்டுக்குடுக்க, அவள் வாங்கிக்கொண்டாள் பாத்தீங்களே! மானும் வேண்டாமெண்டவள்தானே அந்த மேனேஜர்! இப்ப மட்டும் மான் வடிவோ?"

"நீ விட்டதை ஆராவது எடுக்கத்தானே வேணும்," என்றான் லதீசன், சேட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "அவளுக்கும் பிள்ளைகள் இருக்கு."

நியாயமான பேச்சு. நியாயமான பேச்சைக் கேட்டால் அவளுக்கு இன்னும் எரியும். அவள் குசினிக்குள் போனாள். இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் சப்ரினா போன் எடுத்தாள். "நாளைக்கு ஹோட்டல்ல நிப்பன். வந்து பாரன் புள்ள," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. போகக் கூடாது என்று தனுஷிகா முடிவு செய்தாள். முடிவு செய்த கையோடு நல்ல சாறியாகத் தேடி எடுத்து அயர்ன் பண்ணினாள். தோற்றவள்போல அங்கே போய் நிற்க அவளால் ஏலாது.

சப்ரினா அலுமாரிக்குள் கையை விட்டு நகைகளை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தாள். தனுஷிகா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாமே நன்றாக இருந்தன. நன்றாக இருந்ததே பெரிய துன்பமாக இருந்தது.

"மாமி எப்பிடி?" என்று தனுஷிகா கடைசியில் கேட்டாள்.

"இருக்கிறா. இத்தா முடிய இன்னும் மூண்டு மாசம் கிடக்கு." சப்ரினா ஒரு காதணியைத் திருப்பி வைத்தாள். "எங்கட அவருக்கு இப்ப விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வாய் அசையுது. என்னத்தை ஓதுறாரெண்டு தெரியாது. நான் எண்ணப் போகேல்ல."

சப்ரினா அலுமாரியின் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவின் கண்ணாடியில் தன் நகைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தனுஷிகாவின் பக்கம் திரும்பினாள்.

"இதுக்குள்ள எல்லாம் கிடக்கு. நீ செய்ததுபோல ஒண்டு இல்லை." அவளுடைய குரல் வழக்கமான குரலாக இல்லை. "எனக்கு நித்திரை இல்லை தனு, உண்மையைச் சொல்லுறன். அதை நான்தான் கோத்தனான். மூண்டு நாள் என்ர கையிலதான் கிடந்தது. ஜன்னல்ல நான்தான் தொங்கவிட்டனான். எனக்கு அது கணக்கு. அது ஒரு மாலையெண்டு எனக்கு ஒருக்காக்கூடத் தோன்றேல்ல. உனக்கு எப்பிடித் தோன்றினது?"

தனுஷிகா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. வாய் இறுகி, கண் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை என்னவென்று அவளுக்குச் சொல்லித்தர யாரும் தேவையில்லை. சப்ரினா தன்னைப் பார்த்து இப்படி ஒருநாள் எரிய வேண்டும் என்றுதான் அவள் ஆறு வருடம் காத்திருந்தாள். திருடியது என்று நினைத்துக் கூசிக்கொண்டிருந்த அந்த மாலை ஒன்றுதான், இத்தனை காலத்தில் அவள் தானாகக் கண்டது. இனி அதைச் செய்யவும் முடியாது.

சந்தோஷப்பட்டுப் பார்த்தாள், வரவில்லை.

"எரிச்சலில கண்டனான்," என்றாள் தனுஷிகா. "உன்னில எனக்கிருந்த எரிச்சலில."